ஆறடித் தூரமும் ஒரு மூச்சும்

ஜூலை 21, திங்கள்

விடிந்ததிலிருந்து ஆடிக் காற்று. துணியெல்லாம் பக்கத்து வீட்டு மாமரத்தில். கிரைண்டர் கம்பெனிக்கு அரை நாள் லீவு. வேலைகள்: கேஸ் புக் செய்ய, அவர் ஷூவுக்கு லேஸ், பிசியோ நசீமாவைப் பார்க்க.

ஞாயிறு கோல்ஃப் மைதானத்தில் தம்பதிகள் கோப்பை. ஒரே பந்து. அவர் ஒரு தடவை, நான் ஒரு தடவை, மாறி மாறி. போன வருஷம் கடைசிக் குழியில், மூன்றடி தூரத்தில், கை வெடுக்கென்று இழுத்துத் தோற்றோம். என் கைதான்.

நசீமா பந்தை உருட்டச் சொல்லி என் விலாவில் கை வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, பந்து குழிக்குப் போற வரைக்கும் மூச்சே உடறதில்லீங்களே!"

அதிர்ந்துபோனேன். பதினோரு வருஷமாக ஆடுகிறேன். ஒரு தடவைகூடவா?

ஜூலை 23, புதன்

ஹால் கார்பெட், சாய்த்து வைத்த டம்ளர். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுக்க. தாடை தளர, தோள் இறங்க. மெதுவாக விட. பாதி விட்டதும் மட்டை பின்னே, மீதியோடு முன்னே. இருபதில் ஒன்பது உள்ளே. சாயங்காலம் பதினான்கு!

டிவியிலிருந்து கண் எடுக்காமல் அவர்: "அம்மணி, நீ மூச்சு உடறது அடுத்த ஊடு வரைக்கும் கேக்குது."

முழங்கை வலி. தைலம்.

ஜூலை 26, சனி

அவரோடு ஒத்திகை. வழக்கம்போல் பந்திருந்த இடத்தில் அவர் அடையாளத்துக்கு நாணயத்தை வைத்து, பந்தைத் துடைத்து, திரும்ப வைத்துக் கொடுத்தார். நான் தட்டினேன். ஆறடி, உள்ளே. ஐந்தடி, உள்ளே. கை இழுக்கவே இல்லை.

"பாத்தியா கண்ணு, உனக்கு மூச்சுதான் மருந்து."

வரும் வழியில் துடியலூரில் பஜ்ஜி. ரொம்ப நாள் கழித்துப் பாட்டு முணுமுணுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதியாக வேண்டும்.

முன்பெல்லாம் அவர் பந்து வைக்கும்போது குழியையே வெறித்து நிற்பேன். 'காத்திருக்கையில் பார்வையைத் தரையில் விடுங்க' என்று நசீமா சொல்லியிருந்தாள். பதினாறாவது குழி. பார்வை தரையில். அங்கே அவர் கை.

நாணயம் இருந்த இடத்தில் பந்து இல்லை. ஒரு சாண் முன்னால், குழிப் பக்கம்.

"மாமா, அங்கீங்களா இருந்துச்சு?"

"பேசாம தட்டு கண்ணு."

தட்டினேன். ஏன் தட்டினேன்? மூச்சே விடவில்லை. உள்ளே போய்விட்டது.

கடைசி இரண்டு குழிகளிலும் நாணயம் நானே வைத்தேன். ஒரு தட்டு வித்தியாசத்தில் முதலிடம். கை குலுக்கினார்கள். ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போடும் மேஜையில் சொல்லிவிட்டேன்.

"பதினாறாவதுல எங்க பந்து தள்ளி வெச்சதுங்க. தெரிஞ்சேதான் தட்டுனேனுங்க."

பட்டியலை எடுத்தார்கள். எங்கள் பெயரை அடித்தார்கள். அவர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் கேட்டேன். "எப்ப இருந்துங்க மாமா?"

"போன வருஷம் தவற உட்டுப்போட்டு பாத்ரூம்ல போயி அழுதயே. அதுல இருந்து."

"நேத்துமுங்களா?"

"ம்."

"எல்லாமேவா?"

"பாதி இருக்கும்."

பாதி. எந்தப் பாதி? இருபத்து நாலு வருஷமாக இந்த மனிதரோடு ஒரே வீட்டில். திருட்டு என்று கத்தவும் முடியவில்லை, எனக்காகத்தானே என்று இளகவும் முடியவில்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூலை 28, திங்கள்

காற்று இல்லை. ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் தனியாக மைதானம். காலால் ஆறடி அளந்தேன், ஒவ்வொரு தடவையும்.

இழுத்து, விட்டு, தட்ட. முதல் மூன்றும் வெளியே. நாலாவது உள்ளே. ஆறாவதில் கை இழுத்தது. பத்தில் நாலு.

நாலுதான். ஆனால் நாலும் ஆறடியிலிருந்து.

கார் சத்தம். அவர்தான். சவரம் செய்யவில்லை, நேற்றைய சட்டை.

"எத்தனை கண்ணு?"

"நாலுங்க."

தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலடியில் கிடந்த பந்தை எடுத்துத் தரக் குனிந்தார்.

"பந்தைத் தொடாதீங்க மாமா."

கையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார். போகவில்லை. பதினோராவது தட்டுக்கு மறுபடி ஆறடி அளந்தேன்.