வாப்பாவின் தூரத்துக் கண்ணாடி

சத்வா, துபாய்

செல்ல மவ ஆமிராவுக்கு உம்மா சலாம் சொல்லி எழுதுறது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ் கிருபையால சுகமா இருக்கோம், என் முதுகு மட்டும் கொஞ்சம் முனகுது, அது ஏன்னு கீழே வரும். அங்கே கால்கரிக் குளிர்ல நீயும் மருமவன் ஜைதும் காய்ச்சல் தலைவலி இல்லாம நல்லபடியா இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் கேக்குறேன். போன்ல பேசலாமே உம்மான்னு கேப்பே. ஸ்பீக்கரைப் போட்டா வாப்பா பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு, நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மிச்சத்தை அவுஹ சொல்லி முடிச்சுடுவாஹ, கடைசியில எல்லாத்தையும் நடத்துனது அவுஹளா ஆயிடும். அதான் அவுஹ கடைக்குப் போன நேரமாப் பாத்து எழுதுறேன். போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்புறேன், நிதானமாப் படி.

எங்க கல்யாண நாளுக்குன்னு நீ புக் பண்ணிக் குடுத்த மோட்டார்ஹோம் தெருவுல வந்து நின்னதும் தையக்கடை ஆளுங்க எல்லாம் மிஷினை விட்டுட்டு ஓடியாந்துட்டாங்க. பாய், உள்ளே கட்டில் இருக்கு, அடுப்பு இருக்கு, கக்கூஸ்கூட இருக்குன்னு ஒரே சத்தம். வாப்பாவுக்குப் பெருமை தாங்கல. ஆனா இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்து, சாமான் கட்டுனா அது கீழக்கரைக்குத்தான்னு கை பழகிப் போச்சுல்ல, நாலு நாள் பாலைவனத்துக்கு அட்டைப்பெட்டி கட்டி, டேப்பைச் சுத்தி, நைலான் கயிறு போட்டு இறுக்கி, மேல மார்க்கர்ல செய்கு அலாவுதீன், கீழக்கரைன்னு தன் பேரும் ஊரும் எழுதிட்டாஹ. முதல் நாள் டீ போடச் சீனி வேணும்னா பெட்டியைப் பிரிக்கக் கத்தி வேணும், கத்தி எங்கேன்னா பெட்டிக்குள்ள. சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுப் போச்சு.

ஆனா மவளே, என்ன ஊருடி இது! நாம பாத்ததெல்லாம் கடையும் கட்டடமும்தான். அல் வத்பாவுல மணல்மேடு கல்லாவே உறைஞ்சு போய் நிக்குது, தொட்டுப் பாத்தேன், சொரசொரன்னு கருவாடு மாதிரி. லிவாவுல பேரீச்சந்தோட்டம், பச்சைப் பசேல்னு, அதைத் தாண்டி ஒரு எட்டு வச்சா வெறும் மணல். பழைய கோட்டை ஒண்ணு, அதுல ஒரு ஆள் இல்ல, வாப்பா உள்ளே போய் நின்னு பாங்கு சொல்லிப் பாத்தாஹ, குரல் எப்படிக் கேக்குதுன்னு. தல் மொரீப்னு ஒரு மணல் மலை, அம்மாடி, அண்ணாந்து பாத்தா என் துப்பட்டா கீழே விழுந்துடுச்சு. ரெண்டு பேரும் செருப்பைக் கழட்டிட்டுப் பாதி வரைக்கும் ஏறி, உக்காந்தபடியே சறுக்கிக்கிட்டு வந்தோம். இந்த வயசுல! முதுகு வலி அங்கதான் ஆரம்பம். வண்டிக்குள்ள இடியாப்பம் புழிஞ்சு, மாசிச் சம்பல் வச்சுச் சாப்பிட்டோம், அந்த ருசி வீட்டுல வராது.

இனிமேதான் கதையே. இவ்வளவு தூரமும் ஓட்டுனது வாப்பாதான். என்கிட்டயும் லைசன்ஸ் இருக்கு, நீ முதல் சம்பளத்துல கிளாஸுக்குக் கட்டி, நான் ஃபெயில் மேல ஃபெயிலாகி வாங்குனது. அன்னைக்கு வாப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு போட்டோ நல்லா வந்திருக்குன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாஹ. அதோட கலாஸ். பக்கத்து பிளாட் கனகா காரை ஓட்டிக்கிட்டு நான் கராமா, தேரான்னு போய் வர்றது அவுஹளுக்குத் தெரியும், ஆனா ஒரு நாள் என் பக்கத்துல வந்து உக்காந்ததில்ல. பொண்டாட்டி ஓட்ட நான் குந்திக்கிட்டுப் போனா சத்வாவுல எவன் மதிப்பான்னு பேச்சு. எனக்கு அது நெஞ்சுல முள்ளாத்தான் இருந்துச்சு, உன்கிட்டயும் சொன்னதில்ல. நீ கள்ளி, புக் பண்ணும்போதே என் லைசன்ஸையும் அனுப்பச் சொல்லி ரெண்டாவது டிரைவர்னு சேத்துட்டே. வாப்பா அதுக்கும் சிரிச்சாஹ.

மூணாம் நாள் மலையடியில லுஹர் தொழுகைக்குக் கை கால் மூஞ்சி கழுவி ஒளு செஞ்சாஹ. கடையில ஒளு செய்யும்போது குழாய்க்கு மேல இருக்குற திண்டுல கண்ணாடியைக் கழட்டி வைக்கிறது அவுஹ வழக்கம். பாலைவனத்துல திண்டுக்கு எங்கே போறது, வண்டியோட மடக்குப் படியில வச்சாஹ. மணல்ல முசல்லா விரிச்சுத் தொழுதாஹ, துஆ கேட்டாஹ, யல்லா கிளம்பலாம்னு வந்து, எப்பவும் போல பிஸ்மில்லாஹ் சொல்லி வலது காலை எடுத்துப் படியில வச்சாஹ பாரு, நறுக்! தூரம் பாக்குற கண்ணாடியோட ரெண்டு வில்லையும் தூள். கிட்டத்துக் கண்ணாடி பையில இருக்கு, அதைப் போட்டா விரல் தெரியும், ரோடு தெரியாது. நம்ம கடையில வேலை பாக்குற ராஜிக்குக்குப் போன் போட்டு டாக்ஸி புடிச்சு வந்து ஓட்டிட்டுப் போன்னாஹ. அவன், காக்கா, லாத்தாகிட்ட லைசன்ஸ் இருக்கே, நான் எதுக்குன்னு என்னைச் சொல்லிக் கேட்டுட்டான். அல்லாஹ் அவனுக்கு நீண்ட ஹயாத்தைக் குடுக்கட்டும். வாப்பா போனை வச்சுட்டு உடைஞ்ச கண்ணாடியைப் பொறுக்குனாஹ. நானும் ஓட்டட்டுமான்னு கேக்கல. சாவியை எடுத்தேன், ஏறி உக்காந்தேன், சீட்டை முன்னால இழுத்துக்கிட்டேன். பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளப்பிட்டேன் மவளே.

காத்து அடிச்சா வண்டி தள்ளாடுது, ரோட்டுல மணல் பாம்பு மாதிரி ஓடுது, லாரி தாண்டிப் போனா பின்னால அலமாரி திறந்து பாத்திரமெல்லாம் தடதடன்னு கொட்டுது. வாப்பா ஒரு கையால கதவைப் புடிச்சுக்கிட்டு ஆயத்துல் குர்ஸியை விடாம ஓதுறாஹ, இல்லாத பிரேக்கை மிதிக்கிறாஹ. ஒரு வளைவுல ஒட்டகக் கூட்டம் குறுக்கே வந்துடுச்சு. அவுஹளுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுது. மெதுவா மெதுவா நிறுத்தி, அதுங்க ஒய்யாரமாப் போற வரைக்கும் நின்னோம். கடைசி ஒட்டகம் வாப்பா ஜன்னல்கிட்ட வந்து மூஞ்சியை நீட்டுனப்பதான் அது ஒட்டகம்னே கண்டாஹ. அதுக்கப்புறம் ஓதுற சத்தம் கொறஞ்சுச்சு. கொஞ்ச நேரத்துல வேற சத்தம். திரும்பிப் பாத்தா வாயைத் திறந்து குறட்டை! அடுத்தவன் ஓட்டுற வண்டியில கண்ணே மூடாத மனுஷன், பிளேன்ல கூட முழிச்சிருக்குற மனுஷன். எனக்கு அழுகையா வந்துச்சு, ரோடு மறைக்குமேன்னு அடக்கிக்கிட்டேன்.

ஜெபல் அலிகிட்ட எழுப்புனேன், நேரே போனா வீடுன்னேன். கண்ணைத் தேய்ச்சுக்கிட்டு, வண்டியை நாளைக்குச் சாயங்காலம் குடுத்தாப் போதும்ல, வலது பக்கம் திருப்பு, புஜைராவுல கடல் பாத்துட்டுப் போவோம்னாஹ. திருப்பினேன்! காலையில கடலோரம் டீக்கடை முன்னால ஹார்ன் அடிச்சேன், டீ கொண்டு வந்த மலபாரி சுத்தி வந்து வாப்பாகிட்ட நீட்டி, இவ்வளவு பெரிய வண்டியை நீங்களா ஓட்டிட்டு வந்தீங்கன்னு கேட்டாரு. டிரைவர் அவுஹதான், நான் சும்மா கூட வந்தவன்னு சொல்லி டீயை என் பக்கம் காட்டுனாஹ. என்னைப் போயி அவுஹன்னு!

சரி, பேச்சு வளருது. தலைக்கு எண்ணெய் வைக்காம இருக்காதே, அங்கத்துக் குளிருக்கு முடி கொட்டிடும். பனியில வண்டி ஓட்டும்போது அவசரப்படாதே, இப்ப உம்மா அனுபவசாலி, சொன்னாக் கேக்கணும். ஜைதுக்கு எங்க சலாம் சொல்லு. ரெண்டு பேரையும் அல்லாஹ் கண் திருஷ்டி படாம, ஒருத்தருக்கொருத்தர் துணையா வச்சிருக்கட்டும். வர்ற லீவுக்கு இங்கே வர்றதை மறக்காதே, ஏர்போர்ட்டுக்கு நான்தான் வருவேன்.

ஒண்ணு விட்டுட்டேன். புதுத் தூரத்துக் கண்ணாடி ரெடின்னு கடைக்காரன் போன் பண்ணி ஒரு வாரம் ஆச்சு. கடையோ எதிர்த்தாப்புலதான். போய் வாங்கிட்டு வாங்களேன்னா, என்ன அவசரம் இப்போங்கிறாஹ. இன்னைக்குத் தேராவுக்குச் சரக்கு எடுக்கப் போகணுமாம். இந்தா, கீழே எங்க கடை வேன்ல, டிரைவர் சீட்டைக் காலியா விட்டுட்டு வலது பக்கத்து சீட்டுல உக்காந்துக்கிட்டு, கையை எட்டிப் போட்டு ஹார்ன் அடிக்கிறாஹ. தெருவே கேக்குது. நான் வர்றேன் மவளே.

இப்படிக்கு,
துஆவோடு உன் உம்மா
உம்மு சல்மா