மருதாயி அக்காவின் அறிவிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, சுமலதா எழுதறதுங்க. நான் நல்லா இருக்கேன். உங்க மூட்டுவலி தேவலைங்களா?

எங்க எஸ்டேட்டுல யானை வந்தா ஒலிபெருக்கியில அறிவிக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர் ரெண்டு நாளா ஊமையாயிருச்சு. சவுண்ட் கார்டை இயக்குற கெர்னல் மாட்யூல்ங்கற சின்ன மென்பொருள் ஏறலை. நெட்ல கிடைச்ச குறிப்பெல்லாம் பழைய கார்டுகளுக்கு எழுதினது. ஒருவழியா சரியான கட்டளை வரியைக் கண்டுபிடிச்சு, நேத்துக் காலையில மாட்யூலை ஏத்தினேன்.

நான் எந்தக் குரல் பதிவையும் போடறதுக்குள்ள ஒலிபெருக்கி பேசுச்சுங்க. "யானை வருது, மேல ஏறி வாங்க!" எனக்கு முன்னாடி இந்த அறிவிப்புக்குக் குரல் குடுத்த, போன வருசம் இறந்த மருதாயி அக்காவோட குரல். கொழுந்து பறிச்சிட்டிருந்தவங்க எல்லாரும் மேட்டுக்கு ஓடி வந்தாங்க. பனி விலகினப்ப, அவங்க கொழுந்து பறிச்ச இடத்துல யானை நின்னுச்சு.

யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பயப்படாதீங்க. ஆனா அக்கா பதிவை நான் போன வருசமே அழிச்சுட்டேன். அவங்க மக ரேணுகாதான் கேக்க முடியலைன்னு அழிக்கச் சொன்னா. இப்ப கம்ப்யூட்டர்ல என் குரல் மட்டுந்தான் இருக்கு.

ரேணுகா மூச்சுவாங்க ஆபீசுக்கு வந்தா. "அம்மாவை இன்னொரு தடவை பேச விடு, சுமா"ன்னா. தேடிப் பார்த்தேன், எதுவும் இல்லைங்க.

எனக்கு அனுப்பறேன்னு சொன்ன ஸ்வெட்டரை அனுப்பும்போது, நீங்களும் அம்மாவும் பேசறதை ஒரு மெமரி கார்டுல பதிஞ்சு வெச்சு அனுப்புங்க. என்ன பேசினாலும் சரி. தபால் எடுத்துட்டுப் போற ஜீப் வந்துருச்சு.

உங்கள் மகள்,
சுமலதா