நான்காவது தாங்கியின் அடியில்

என் மேசை மேல் ஓர் இரும்புத் தகடு கிடக்கிறது. அதைச் சுற்றியிருந்த துணியில் இன்னும் உன் பட்டறையின் வாசனை போகவில்லை. என்ஜின் ஆயிலும், நீ கை துடைக்க வைத்திருந்த பட்டுக் கழிவும் கலந்த வாசனை. தகட்டின் மூலையில் நீ ஆணியால் கீறிய எண் நான்கு.

பொங்கல் கழிந்து உன் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். "ஒன் காருக்குப் போடறதுன்னு சொல்லிக்கினே இருந்தான் தம்பி. குடுக்கத்தான் அவனுக்கு நேரம் வரல." அவர் போன பிறகும் அந்தப் பேச்சு என்னை உறுத்தியது. ஓரிக்கையில் இருக்கும் உன் பட்டறையிலிருந்து என் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் வேண்டும்?

அது அப்பாவின் கார் என்பது உனக்குத் தெரியும். வீட்டை அக்காக்கள் எடுத்துக்கொண்ட பிறகு எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் இயந்திரவியல் படித்தோம். நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன், நீ அண்ணனின் தறிக்கூடத்துக்குப் பக்கத்தில் என்ஜின் பட்டறை வைத்தாய். என்ஜின் வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களை மாற்றும் யோசனை உன்னுடையது. "பழசு வால்வு தலையத் தேச்சுக்கினு போவுது. உருளை வச்சது உருண்டு போவும்பா" என்றாய். இணையத்தில் நீயே பார்த்து வரவழைத்தாய்.

புது ராக்கர்கள் கொஞ்சம் உயரம். அவற்றைக் கோத்த தண்டு நான்கு தாங்கிகளின் மேல் கிடக்கிறது, அந்தத் தாங்கிகளை அதற்கேற்பத் தூக்க வேண்டும். எவ்வளவு தூக்குவது என்று பார்க்க வேறு பட்டறைகளில் என்ன செய்வார்களோ, நீ அண்ணன் கழித்துப்போட்ட, சேலை பார்டருக்காக ஓட்டை குத்திய ஜக்கார்டு அட்டையை வெட்டி அடியில் வைப்பாய். வால்வு தலையில் மார்க்கர் மை தடவி, என்ஜினைக் கையால் சுற்றி, உருளையின் தடம் நடுவில் விழுகிறதா என்று பார்ப்பாய். விழுந்தால் அட்டையை எடுத்துவிட்டு அதே கனத்தில் இரும்புத் தகடு. அன்று அட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாய். "இது மயில் பார்டர் அட்டைபா. இனிமே உங்கப்பா காரு அகவும்."

அகவியது. பாலாற்றுப் பாலத்தின் மேல் டிக் டிக்கென்று ஆரம்பித்து, அக்கரை போய்ச் சேருவதற்குள் தட தடவென்று ஆகி நின்றுவிட்டது. என்ஜினின் மேல்மூடியை, டேப்பட் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. தண்டு நீலம் பாரித்துக் கீறல் விழுந்திருந்தது, வால்வு தலைகளில் குழி.

நான் கூப்பிட்டு நீ வந்ததும், "டூப்ளிகேட்டைப் போட்டிருக்கே" என்றேன்.

"ஆயில் மாத்தி எத்தினி மாசம் ஆவுது? மொதல்ல அத்தச் சொல்லு வாத்தியாரே."

பாலத்தோரத்து டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காரை இழுத்துவந்து ஷெட்டில் பூட்டினேன். சில நாள் கழித்து நீ என் வாசலில் வந்து நின்றாய். "ஒரு தரம் தொறந்து பாத்துட்டுப் போறேன்பா. அப்புறம் நீ இன்னா வேணாப் பேசு."

"எதுக்கு? போட்டதை மாத்தி வைக்கவா?"

நீ கேட்டைத் தாண்டாமலே திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு உன்னை நான் பார்த்தது நெஞ்சுவலியில் நீ போன அன்று, கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து.

தகடு வந்த மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்தேன். உன்னைக் குற்றவாளி ஆக்கத்தான் திறந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. ராக்கரை அரம் வைத்துத் தேய்த்தேன். அரம் வழுக்கியது, நல்ல இரும்புதான். முன்பக்க வால்வுகளில் உருளையின் தடம் சரியாக நடுவில் இருந்தது, உன் அளவிலும் பிழையில்லை. பழைய ஆயில் என்றால் கறுத்துப் போயிருக்கும். இங்கே ஆயிலே மேலே வரவில்லை. அது ஏறுவது நான்காவது தாங்கி வழியாக மட்டும். அதைக் கழற்றினேன்.

அடியில் மயில் அட்டை. ஆயிலில் ஊறி, நசுங்கி, பழுப்பாகி, ஆயில் துவாரத்தின் மேல் மெழுகி வைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தது. அதில் ஜக்கார்டுக்காகக் குத்திய ஓட்டைகள் இருந்தன. ஒன்று துவாரத்துக்கு நூலிழை தள்ளி விழுந்திருந்தது.

மற்ற மூன்று தகடுகளில் இல்லாத, ஆயில் போக ஒரு பொடி ஓட்டை என் மேசைத் தகட்டில் மட்டும் இருக்கிறது. அந்த ஓட்டையைப் போடத்தான் நீ இந்தத் தகட்டைத் தனியே எடுத்து வைத்தாய். அந்த நேரத்தில் உன் அண்ணி, "சோறு ஆறுது, ரெண்டு பேரும் வர்றீங்களா, நாய்க்குப் போடவா?" என்று குரல் கொடுத்தாள். சாப்பிட்டு வந்து, நான்காவதன் அடியில் இன்னும் அட்டை இருப்பதை மறந்து, எல்லாத் தாங்கியையும் ஒரே மூச்சில் முடுக்கினாய்.

அதுவரை எனக்குப் புரிகிறது. புரியாதது என் வாசலில் நீ நின்ற நிற்பு. பேசி முடிக்கும்வரை உன் வலக்கை பேன்ட் பாக்கெட்டை விட்டு வரவில்லை. உள்ளே இந்தத் தகடு இருந்தது என்று நினைக்கிறேன். தப்பைச் சொல்லிச் சரிசெய்ய வந்தாயா, இல்லை நான் டீ எடுத்துவர உள்ளே போகும் நேரத்தில் அட்டையை உருவிவிட்டு, "பாத்தியா, ஒன் ஆயில்தான்" என்று சொல்ல வந்தாயா? உன்னை அறிந்தவன் என்ற முறையில் இரண்டையும் நம்ப முடிகிறது. தகட்டைக் காட்டியிருந்தால் நான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் கையை வெளியே எடுத்திருக்கலாம்.

தாங்கியை இன்னும் பூட்டவில்லை. அட்டை காய்ந்து, ஓரம் சுருண்டு, தகட்டின் பக்கத்திலேயே இருக்கிறது.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யார் எதிரில் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைப் பார்க்கிறேன். பாக்கெட்டுக்குள் இருந்தால், "என்ன வச்சிருக்கே, காட்டு" என்று கேட்டுவிடுகிறேன். மாணவர்கள் சிரிக்கிறார்கள், மைத்துனன் கோபித்துக்கொண்டான். எல்லோரும் வெறுங்கையைத்தான் நீட்டுகிறார்கள்.