செய்வதற்கு ஒன்றுமில்லை

என் செல்லத் தம்பி டேனிக்கு,

நீ போன பிறகும் பண்டமாரானில் பெரிதாக எதுவும் மாறவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் நம் வீட்டுச் சன்னலை இன்னும் ஆட்டிக்கொண்டுதான் போகின்றன. உன் மோட்டார் சைக்கிளை விற்க அம்மா விடவில்லை. யாரும் ஓட்டாத வண்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். அக்கா அழுதாளா என்று கேட்பாய். அடக்கத்தன்று அழுதேன். அப்புறம் அதற்கு நேரம் வாய்க்கவில்லை.

சர்ச்சில் சண்டே ஸ்கூல் இன்னும் நான்தான் எடுக்கிறேன். பெரிய வெள்ளி நெருங்குகிறது, பிள்ளைகளுக்கு ரோத்தான் கதையைச் சொல்லியாக வேண்டும். நினைவிருக்கிறதா? ஒரு பையன் கூடப் படிப்பவனின் பென்சில் பெட்டியை உடைத்துவிடுகிறான். அவனுக்கு விழ வேண்டிய ரோத்தான் பிரம்படியைத் தலைமையாசிரியர் தன் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். இயேசு செய்த பாவநிவாரணம் இதுதான் பிள்ளைகளே என்று முடிப்பேன்.

என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த நீ, ஒருநாள் வகுப்பு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். "அடி வாங்கியாச்சு, சரிக்கா. பெட்டி உடைஞ்ச பையன்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடு என்றேன். என் வேதபாடத்தில் அதற்கு அவ்வளவுதான் பதில் இருந்தது.

தைப்பூசம் முடிந்த வாரம் முருகேசன் நம் வீட்டுக்கு வந்தார். நீ வேலை பார்த்த கிடங்கில் ஃபோர்க்லிஃப்டைப் பின்னால் எடுத்து உன்மேல் மோதியவர். ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்திருப்பவர். விசாரித்தவர்கள் அவர்மேல் தவறில்லை என்றுதான் சொன்னார்கள். அவர் அதை ஏற்கவில்லை. பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க முருகனுக்குச் செஞ்சிட்டேங்க்கா. உங்க சாமிக்கு என்ன பரிகாரம் செய்யணும், சொல்லுங்க."

எனக்குப் பாடம் தெரியும். மனிதன் தன் குற்றத்துக்கு ஈடாகச் செய்ய எதுவுமில்லை, எல்லாம் சிலுவையிலேயே செய்து முடிந்தது. வாராவாரம் சொல்வதைத்தான் அன்றும் சுருக்கிச் சொன்னேன்.

"நீங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா கலக்கி எடுத்து வந்த தேநீர் அப்படியே இருந்தது. என்னடி சொன்னாய், அந்தப் பிள்ளையின் முகமே செத்துப்போயிற்றே என்றார் அம்மா. சுவிசேஷம்தான் சொன்னேன் என்றேன்.

"அவனுக்கு அது கதவைச் சாத்துன மாதிரி கேட்டிருக்கு லா."

அம்மா சொன்னது சரி. அதே சொற்கள்தான். விசுவாசிக்கு அது இளைப்பாறுதல், அந்த மனிதருக்குக் கைவிரிப்பு. ஒன்று சொல்லட்டுமா? அவர் தப்பாகப் புரிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது, பிடித்தும் இருந்தது. நான் அவரை வெறுத்தேன், டேனி.

அவரைத் தேடிப் போக மனம் வர வெகுநாள் ஆயிற்று. போன ஞாயிறு ஆராதனை முடிந்து, கிடங்குக்குப் பின்னால் வேலையாட்கள் தங்கும் கொங்சிக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர் சோப்புக் கையோடு எழுந்து நின்றார்.

"அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன்," என்றேன். "கடவுள் மன்னிச்சிட்டாரு, அதனாலதான் நீங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்ல. நானும் மன்னிச்சிட்டேன்."

சொல்லும்போது வலித்தது. உவமைக்குச் சொல்லவில்லை, நெஞ்செலும்பிலேயே வலித்தது. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார். சீனி அதிகம். முழுவதும் குடித்தேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன் கேள்விதான். பெட்டி உடைந்தவனிடம் யார் கேட்டார்கள்? கதையை நான்தான் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். யார் யாருக்கோ இடையே நடந்த சண்டையில் கடவுள் நடுவே வந்து அடி வாங்கிக்கொண்டதுபோல. உடைந்தது அவருடைய பெட்டி, டேனி. இழந்தவரும் அவர்தான், கையை நீட்டியவரும் அவர்தான். மன்னிக்கிறவருக்குத்தான் வலிக்கும் என்பது கொங்சி வாசலில் நிற்கும் வரை எனக்குத் தெரியாது.

எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் நீ ஏன் அந்த ஃபோர்க்லிஃப்டுக்குப் பின்னால் நின்றாய்? அது எந்தப் பாடத்திலும் இல்லை.

இந்தப் பெரிய வெள்ளிக்குக் கதையைத் திருத்திச் சொல்லப் போகிறேன். இனிமேல் பென்சில் பெட்டி தலைமையாசிரியருடையது. வாசலில் நிற்கும் யாராவது குறுக்கே கேள்வி கேட்டால், உள்ளே வந்து உட்காரச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னை வாயை மூடச் சொன்ன
அக்கா,
மேர்சி