முட்டியில் பூசிய புற்றுமண்

பம்பாய்
10.7.1984

அன்புள்ள உலகம்மாளுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமா? அத்தைக்கு இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன். வலது முட்டி மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. பயப்படாதே.

மொசைக் தரை தேய்க்கும் வேலையில் நாள் முழுக்க முட்டி போட்டே இருக்கிறேன். போன வாரம் முட்டி விளாங்காய் அளவுக்கு வீங்கித் தோலும் வெடித்துவிட்டது. நீ பொட்டலம் கட்டித் தந்த கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன். மூன்றாம் நாள் முட்டி சிவந்து கொதித்தது. டாக்டரிடம் ஓடினேன். அவர் நம் சிவகிரிக்காரர்.

"எலும்புக்கு ஒண்ணும் இல்ல வே. முட்டிக்கு முன்னால ஒரு சின்ன நீர்ப்பை இருக்கு. ஊனிக்கிட்டே இருந்தா அது வீங்கத்தான் செய்யும். வெடிச்ச தோல்ல மண்ணைப் பூசலாமா வே? சீழ் வச்சிருக்கு" என்று சத்தம் போட்டார். ஊசி போட்டு, மாத்திரை தந்து, இனி முட்டி ஊன்றவே கூடாது என்றார்.

மண்ணைக் கழுவிவிட்டேன். அம்மன் பிரசாதம் சாக்கடையில் போனது. அப்போதிலிருந்து மனசு கிடந்து அடிக்கிறது. சீழுக்குப் பயப்படுவதா, அம்மனுக்குப் பயப்படுவதா தெரியவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை முட்டியைத் தொட்டுச் சூடு பார்க்கிறேன்.

முட்டி ஊன்றாமல் இந்த வேலை நடக்காது. உன் பழைய சேலை ஒன்றை மெத்தையாக மடித்துத் தைத்து அனுப்பு. முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்கிறேன். துவைக்க வேண்டாம்.

தபாலில் சேர்க்கிறவர் கிளம்பிவிட்டார், முடிக்கிறேன். கோயிலில் ஆடிச்சுற்று சுற்றும்போது நடந்ததை அம்மனிடம் பக்குவமாகச் சொல். சாக்கடையை மட்டும் சொல்லிவிடாதே.

உன்
கோமதிநாயகம்