செல்வியின் நாற்காலியில் விழுந்த நிழல்

அக்கா,

ஹெப்பாள் ஆடைத் தொழிற்சாலையின் தையல் கூடத்துக்கும் புது விளக்குகள் போட ஒப்புதல் கிடைத்துவிட்டது. இன்று காலை செல்வி போனில் சொன்னாள். மேலாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். போனை வைத்ததும் என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். தையல் பிழைகளில் நீங்கள் குறி போட்ட சாக்பீஸ் துண்டு அங்கேதான் இருக்கிறது.

நான் முதலில் அங்கே வந்தது செய்திக்காக. நீங்கள் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். மதியத்துக்கு மேல் பிழையுள்ள பேண்ட்டுகள் தப்பிப் போகின்றன, அதனால் செல்வி உட்பட மூன்று பெண்களை நிறுத்தப் போகிறோம் என்றார் மேலாளர். "சாப்பிட்டதும் தூங்கிடறாங்க." அதை அப்படியே குறித்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் மறித்தீர்கள்.

"ரிப்போர்ட்டரே, எழுதுனது போதும். இங்க வந்து உக்காருங்க."

செல்வியின் நாற்காலி அது. மின்சாரத்தை மிச்சப்படுத்த ஒன்றுவிட்டு ஒரு டியூப்லைட்டைக் கழற்றியிருந்தார்கள். மிஞ்சியது என் முதுகுக்குப் பின்னால் எரிந்தது. கருநீலத் துணிமேல் என் தலையின் நிழல். பத்து பேண்ட் கொடுத்தீர்கள். இரண்டில் பிழை கண்டேன். அரை மணிக்குள் கொட்டாவி வந்துவிட்டது. அதே பத்தை ஜன்னலோரம் விரித்தீர்கள். ஐந்தில் பிழை இருந்தது.

அடுத்து மேலாளரை உட்கார வைத்தீர்கள். அவர் கண்டது ஒன்றே ஒன்று.

"ஏனுங்க சார், நீங்களும் இன்னிக்குச் சோறு சாஸ்தியா தின்னுட்டீங்களா?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளரே சிரித்துவிட்டார். அன்றே விளக்குகள் திரும்பி வந்தன. மூவரின் வேலையும் தப்பியது. நீங்கள் அத்தோடு விடவில்லை. நேராக மாட்டினால் கண் கூசும் என்று எலக்ட்ரீஷியனை ஏணியில் நிறுத்தி, விளக்குகளை இடப்பக்கம் நகர்த்த வைத்தீர்கள். "கை நிழல்கூடத் துணிமேல விழப்படாதுங்க."

தையல் கூடத்துக்கும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கிடைத்தபோது நீங்கள் உயிரோடு இல்லை. உங்கள் இடத்தில் இப்போது செல்வி.

யாராவது யாரையாவது சோம்பேறி என்றால், அந்த ஆள் உட்காரும் இடத்தை முதலில் போய்ப் பார்க்கிறேன், அக்கா. அதன் பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

விளக்குகள் இன்னும் வந்து சேரவில்லை. தசரா விடுமுறை முடிந்து திறக்கும் வாரத்தில் மாட்டிவிடுவோம் என்கிறார் மேலாளர். நானும் போகிறேன். செல்வி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்: "கறுப்பு நூலும் ஊசியும் எடுத்து வெக்கறேன் சார். நீங்க கோத்துக் காட்டிட்டு எழுதுங்க."