ஆறு மணி நாற்பது நிமிடம் அல்ல, முப்பது மணி நேரம்

அனுப்புநர்
நேரக் காப்பாளர், பேருந்து நிலையம்
(தங்கள் தளத்தில் பணிபுரியும் வெல்டரின் மனைவி)

பெறுநர்
விடுப்புப் பிரிவு அதிகாரி அவர்கள்,
கப்பல் பழுதுபார்க்கும் தளம்

பொருள்: கணவரின் பயண நாட்கள் மறுக்கப்பட்டமை – மறுபரிசீலனை வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எட்டு நாள் விடுப்பு. பயணம் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் போக ஒரு நாள், வர ஒரு நாள் கூடுதலாகத் தரலாம் என்பது தங்கள் விதி. அவர் கேட்டதற்கு, தங்கள் நாட்டிலும் எங்கள் நாட்டிலும் உள்ள இரு விமான நிலையங்களுக்கும் இடையே 4,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஆறு மணி நாற்பது நிமிடம், ஆகவே கூடுதல் நாள் இல்லை என்று பதில் வந்தது. கணினி காட்டியதாம்.

2. ஐயா, கணினி காட்டும் அந்த நேர்க்கோட்டில் எந்த விமானமும் போவதில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். முதல் விமானம் நான்கு மணி நேரம். நடுவில் பதினொரு மணி நேரக் காத்திருப்பு. அடுத்த விமானம் ஐந்து மணி நேரம். இறங்கியபின் ஏழு மணி நேரப் பேருந்து. பதினான்கு ஆண்டுகளாகப் பேருந்துகளுக்கு நேரம் எழுதுகிறவள் நான். தேநீருக்கு நிற்கும் பத்து நிமிடத்தையும் சேர்த்துத்தான் பயண நேரம் போடுவோம். விட்டுவிட்டால் ஓட்டுநர்கள் என் மேஜைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது ஐயா.

3. சென்ற முறை இரண்டரை நாள் வழியிலேயே போயிற்று. வீட்டில் இருந்தது ஐந்தரை நாள். எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்றே பார்த்தாள். மூன்றாம் நாள் அவர் எதிரிலேயே, "அம்மா, இந்த மாமா எப்போ போவாரு?" என்று கேட்டுவிட்டாள். "விடு, நான் அவளுக்குப் புதுசுதானே" என்று அவர் சிரித்தார். பிறகு குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் மாலை தானாக வந்து அவர் மடியில் உட்கார்ந்தாள். மறுநாள் மதியம் அவர் கிளம்பிவிட்டார்.

4. இப்போது அவளுக்கு ஆறு வயது. பழகுவதற்கு மறுபடியும் நாளாகும். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவர் புறப்படுகிறார். சலுகை எதுவும் கேட்கவில்லை, விதியில் உள்ளதைத்தான் கேட்கிறேன். சென்ற முறை வந்த மூன்று பயணச் சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன். கூட்டிப் பார்த்தால் போதும்.

5. இந்த மனு அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "மேலதிகாரிகிட்ட நமக்கு எதுக்கு வம்பு?" என்பார். குழந்தையை முன்னால் நிறுத்தியே இதுவரை எழுதிவிட்டேன். அது முழு உண்மையல்ல. அந்த ஐந்தரை நாளையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தேன், அதுதான் நியாயம். ஆனால் எனக்கும் அவரைப் பார்க்க வேண்டும் ஐயா. நானும் அவரும் உட்கார்ந்து பேசத் தொடங்குவதற்குள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. நேரத்தை எழுதிக் கையெழுத்திட்டு அந்தப் பேருந்தை அனுப்பி வைத்தவளும் நான்தான்.

ஆகவே, அந்த இரண்டு நாளையும் அனுமதித்து ஆணையிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பேருந்து நிலையம்
நாள்: பதினேழாம் தேதி, திங்கள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
வெல்டரின் மனைவி